பழைய இசைத்தட்டு வாங்குவது எப்படி? முதல் தட்டு வாங்கப் போகிறவர்களுக்கு

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில், கழற்றிப் போட்ட ஃபேனுக்கும் மிக்ஸி மோட்டாருக்கும் நடுவே சில சமயம் ஓர் இசைத்தட்டுக் கட்டு கிடக்கும். குனிந்து எடுத்து, "பாடுமாண்ணே?" என்று கேட்டால், "பாடாம எங்க சார் போகும்?" என்பார் கடைக்காரர். போட்டுக் காட்ட அங்கே பிளேயர் கிடையாது. வெயிலும் தூசியும்தான். காதால் கேட்க வேண்டியதை அங்கே கண்ணால் கேட்க வேண்டும். இந்த வித்தை பிடிபட எனக்கு நாலைந்து வருடமும் கணிசமான பணமும் ஆயின. உங்களுக்கு அவ்வளவு ஆகாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: கையில் இருப்பது எந்தத் தட்டு?

பழைய தமிழ்த் தட்டுகள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கிவிடும்.

முதலாவது 78. நிமிடத்துக்கு 78 சுற்று. பெரும்பாலும் 10 அங்குலம். நம் தாத்தாக்கள் 'கிராமபோன் பிளேட்' என்றது இதைத்தான். இது வினைல் இல்லை, அரக்கு. மரக்கிளையில் பூச்சி கட்டுகிற அதே அரக்கோடு கல்மாவும் மற்றதும் கலந்து அழுத்தியது. கையில் கனக்கும், விரலால் தட்டினால் பீங்கான்போல ஒலிக்கும், கீழே விட்டால் பீங்கான்போலவே உடையும். ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். கச்சேரியில் அரை மணி நேரம் விரிகிற கீர்த்தனையை அந்த நேரத்துக்குள் சுருக்கிப் பாடினார்கள். 1933இல் 27 வயதிலேயே போய்விட்ட நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் இன்று நமக்குக் கேட்கிறதென்றால் அது இந்த அரக்குத் தட்டுகள் புண்ணியம்.

மேல்நாட்டில் 78 ஓய்ந்த பிறகும் இந்தியாவில் 1960கள் வரை அது விற்றது. கரண்ட் இல்லாத வீட்டிலும் சாவி கொடுத்துக் கேட்கலாம் அல்லவா? இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூடக் கல்கத்தா டம்டம் ஆலையில் 78ஆக அடித்து விற்றார்கள். இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்தத் தட்டுகளுக்காக அலைகிறார்கள். பரணில் ஒன்று இருந்தால் பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது எல்.பி.: 12 அங்குலம், 33⅓ சுற்று, பக்கத்துக்கு 20 நிமிடமும் கொஞ்சம் கூடவும். அமெரிக்காவில் 1948இல் கொலம்பியா கம்பெனி கொண்டுவந்தது. மறு வருடமே ஆர்.சி.ஏ. விக்டர் போட்டியாக இறக்கியது 7 அங்குல 45. அதே அளவில் நம் ஊரில் வந்த ஈ.பி.தான் மூன்றாவது வகை. பக்கத்துக்கு இரண்டு, ஆக நாலு பாட்டு. பெரும்பாலும் ஒரே படத்தின் பாட்டுகள்.

புதிதாகத் தொடங்குகிறவர் ஈ.பி.யிலிருந்து தொடங்கலாம் என்பது என் கட்சி. விலை குறைவு, அதிகம் கிடைக்கும், கெட்டுப்போனாலும் மனசு ஆறும். 78 பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். அதற்கு ஊசியே வேறு. எல்.பி. ஊசியின் முனையைவிட நாலு மடங்கு அகலமானது.

படி 2: பிளேயர்

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பிளேயர் ஆராய்ச்சியில் இறங்கியவர்கள் ஆறு மாதம் யூடியூப் பார்ப்பார்கள், ஒரு தட்டும் வாங்க மாட்டார்கள்.

ஆடியோ டெக்னிகாவின் எல்.பி.60எக்ஸ் மாதிரி ஒன்று போதும். பொத்தானை அழுத்தினால் ஊசி பொருத்திய கை தானே போய் உட்காரும், முடிந்ததும் தானே திரும்பும். 33, 45 இரண்டும் ஓடும்; 78 ஓடாது. சூட்கேஸ் வடிவில் அழகாக வருகிற மலிவு பிளேயர்களைப் பரிசாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாக வாங்காதீர்கள். நல்ல ஊசி சுமார் 2 கிராம் அழுத்தத்தில் ஓடும். இவற்றில் பலவும் 5 கிராமுக்கு அழுத்தும். பித்தளைக் குழாய் வைத்துச் சுற்றுலாக் கடைகளில் விற்கும் 'பழங்கால' கிராமபோன் பெரும்பாலும் நேற்றுச் செய்தது. அதில் வினைலை வைத்தால் இரும்பு ஊசி உழுதுவிடும்.

அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்தது என்றால், பின்னால் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு பிளக்கைச் சொருகுங்கள். அங்கே 120 வோல்ட், நமக்கு 230. மின்சாரத்தின் துடிப்பும் அங்கே வினாடிக்கு 60, இங்கே 50. பழைய மாடல் மோட்டார்கள் அந்தத் துடிப்பைப் பிடித்துத்தான் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்டேஜைச் சரிசெய்தாலும் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். டி.எம். சௌந்தரராஜன் தூக்கக் கலக்கத்தில் பாடுவார்.

இன்னொன்று, ஃபோனோ பிரீஆம்ப்: ஊசியின் சிக்னலைப் பெருக்கிச் சரிசெய்து தருகிற கருவி. ஊசி தருகிற சிக்னல் சில மில்லிவோல்ட்தான். அதோடு, தட்டில் வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உச்ச ஒலிகளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். நேராக ஸ்பீக்கரில் சொருகினால் கொசு பாடுவதுபோல இருக்கும். நான் சொன்ன மாடலில் இது உள்ளேயே இருக்கிறது. உங்கள் பிளேயரில் இல்லையென்றால் சின்னப் பெட்டியாகத் தனியே கிடைக்கும்.

படி 3: கண்ணால் கேட்பது

எங்கே தேடுவது? பல்லாவரம் ஒன்று. பழைய மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோன பின் சென்ட்ரல் அருகே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன கடைகள் இன்னொன்று. காரைக்குடிப் பக்கம் போனால் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள். செட்டிநாட்டு வீடுகளின் தட்டுமுட்டுச் சாமானோடு தட்டும் வரும். ஆனால் நல்ல தட்டு கிடைப்பது வீடு மாற்றுகிற சொந்தக்காரர்களிடம்தான். "அத்தை, பரண்ல பழைய ரெக்கார்டு ஏதாவது இருக்கா?" என்று கல்யாண வீட்டில் கேட்க வெட்கப்படாதீர்கள்.

சரி, தட்டு கையில் வந்துவிட்டது. உறையிலிருந்து வெளியே எடுங்கள். எடுக்க விடாத கடையில் வாங்காதீர்கள். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே விளிம்பை மட்டும் பிடித்து, வெயில் அதன்மேல் சாய்வாக விழும்படி மெல்லத் திருப்புங்கள்.

முதலில் உறையும் லேபிளும் ஒரே படம்தானா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். சிவாஜி படத்து உறைக்குள் கந்த சஷ்டி கவசம் எனக்கு வந்திருக்கிறது.

அடுத்தது கீறல். தலைமுடிபோல மேலாகத் தெரிவதெல்லாம் ஒன்றும் செய்யாது. சந்தேகமான கீறல்மேல் விரல் நகத்தை ஒரே ஒருமுறை, அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். நகத்தில் தட்டினால் ஊசியிலும் தட்டும். எல்.பி. என்றால் 1.8 வினாடிக்கு ஒருமுறை 'டக்' என்று வரும். குறுக்குக் கீறல் டக்கோடு போய்விடும். ஊசி ஓடுகிற பள்ளத்தின் ஓட்டத்தோடு சேர்ந்து போகிற நீளக் கீறல்தான் ஆபத்து. ஊசி அங்கே மாட்டிக்கொண்டு பாடகர் ஒரே சொல்லை நாள் பூராவும் சொல்வார்.

தேய்மானம் கீறலைவிடப் பொல்லாதது, பார்த்தவுடன் தெரியாது. பளபளவென்று கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்த தட்டு. அப்புறம் நடுத்துளையைச் சுற்றி லேபிளைப் பாருங்கள். தட்டை வைக்கும்போது துளையைத் தேடி பிளேயரின் நடுக்கம்பி உரசிய மெல்லிய கோடுகள் இருக்கும். ஐந்தாறு கோடு என்றால் வீட்டில் எப்போதாவது கேட்ட தட்டு. சிலந்திவலை மாதிரி இருந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். லேபிளில் ஏதாவது ஊர்ப் பெயரோடு 'சவுண்டு சர்வீஸ்' முத்திரை இருந்தால் இன்னும் மோசம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கோயில் கொடைக்கும் புளியமரத்து ஹாரனில் ராவும் பகலும் பாடிய தட்டு அது. அதன் சேவைக்கு ஒரு கும்பிடு போட்டுக் கீழே வைத்துவிடலாம். அப்படியும் நான் ஒன்றிரண்டு வாங்கியிருக்கிறேன், முத்திரைக்காகவே.

கடைசியாகக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். லேசான அலை பரவாயில்லை. அப்பளமாகியிருந்தால் வேண்டாம். வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகத் தெரிகிற பூஞ்சைக்குப் பயப்படத் தேவையில்லை, பெரும்பாலும் கழுவினால் போய்விடும். பூஞ்சை பிடித்த தட்டைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். விலையும் இறங்கும். நான் வாங்கியதில் நன்றாகப் பாடுகிறவை பல, பூஞ்சை பிடித்து வந்தவைதான்.

இணையத்தில் வாங்கினால் விற்பவர் தரக்குறி போடுவார். 'வெரி குட்' என்று பார்த்து ஏமாறாதீர்கள். சேகரிப்பாளர் மொழியில் அது 'கேட்கலாம், ஆனால் பொரியும்' என்று பொருள். 'வெரி குட் பிளஸ்'ஸுக்குக் கீழே காசு கொடுக்க யோசியுங்கள்.

என்ன பாட்டு வாங்குவது என்று நான் சொல்லப்போவதில்லை. லேபிள்களைக் கவனித்து வாருங்கள், அது தனிச் சுகம். நாய் உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. எல்லோருக்கும் தெரியும். 80களின் இளையராஜா பாட்டென்றால் எக்கோ. ஓடியன் தட்டு கிடைத்தால் அது சினிமா எடுக்க வருமுன் ஏ.வி. மெய்யப்பன் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் வெளியீடாக இருக்கலாம். எச்.எம்.வி. கர்நாடக இசை எல்.பி.க்களில் எண்ணுக்கு முன்னால் ஈ.சி.எல்.பி. என்றிருந்தால் மோனோ, ஈ.சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ. படத்தின் கதை வசனத்தை மட்டும் போட்ட தட்டுகளும் உண்டு. அவற்றை யாரும் சீந்துவதில்லை, நான் விடுவதில்லை.

பேரத்தில் ஒரே விதி: தனித்தட்டைக் கேட்காதீர்கள், கட்டைக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது நடுவில் இருக்கட்டும்.

படி 4: கழுவாமல் ஊசி வைக்காதீர்கள்

கட்டோடு வீட்டுக்கு வந்ததும் ஒன்றைப் போட்டுப் பார்க்கக் கை பரபரக்கும். பொறுங்கள். பள்ளத்தில் இருக்கும் மண் ஊசிக்கு உப்புத்தாள்.

முதலில் வினைலா அரக்கா என்று இன்னொருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. தொடங்கிய புதிதில் ஒரு 78ஐ, எலக்ட்ரானிக்ஸ் துடைக்கிற ஸ்பிரிட்டை நனைத்துப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கறுப்பானது. அழுக்கு வருகிறது என்று சந்தோஷமாக இன்னும் துடைத்தேன். மூன்றாவது பஞ்சும் கறுப்பாக வந்தபோதுதான் உறைத்தது. மேஜைக்குப் பாலிஷ் போடுகிற ஆசாரி அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே! நாகஸ்வரத் தட்டு அது. துடைத்த இடம் வரும்போது இப்போதும் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல் வரும்.

வினைலுக்கு முறை சுலபம். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். சென்னைத் தண்ணீரின் உப்பு பள்ளத்தில் படிந்துவிடும். அரை லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, தட்டு சுற்றும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். லேபிளில் ஈரம் படக்கூடாது; பழைய மை கலைந்துவிடும். சோப்பில்லாத டிஸ்டில்டு வாட்டரால் இரண்டுமுறை அலசுங்கள். சமையலறைத் தட்டு ஸ்டாண்டிலேயே இந்தத் தட்டையும் நிறுத்தி நிழலில் உலரவிடலாம். வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை. மாடி வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், அப்பளம்தான்.

படி 5: போடுவது

பிளேயர் ஆடாத மேஜைமேல், மட்டமாக இருக்கட்டும். ஸ்பீக்கரை அதே மேஜையில் வைத்தால் அதன் அதிர்வு ஊசிக்குத் திரும்பி வந்து 'ஊம்' என்று உறுமும். வேகப் பொத்தானைப் பாருங்கள்: 45ஐ 33இல் போட்டுவிட்டு, தட்டு கெட்டுப்போச்சு என்று வருத்தப்பட்ட ஆட்களில் நானும் ஒருவன். ஊசியைப் பின்னாலிருந்து முன்னோக்கிச் சின்ன பிரஷ்ஷால் ஒருமுறை தடவிவிட்டு இறக்குங்கள். முதல் இரண்டு சுற்றுக்குப் பாட்டு வராது. லேசாகப் பொரியும்.

படி 6: வைப்பது

புத்தகம்போல நேராக நிறுத்தித்தான் வைக்க வேண்டும். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது கெடும். உறையோடு ஓர் எல்.பி. கால் கிலோ வரும், நூறு சேர்ந்தால் 25 கிலோ. பிளைவுட் அலமாரி வளைந்த பிறகுதான் நான் கணக்குப் போட்டேன். தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பிளாஸ்டிக் உள்ளுறையை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். அட்டை உறைக்கு எதிரி ராமபாணப் பூச்சி; அலமாரியில் வசம்புத் துண்டு போட்டு வைக்கிறேன், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டி வைக்கிறேன்.

காகித உள்ளுறை என்றால், எறிவதற்கு முன் இரண்டு பக்கமும் பாருங்கள். என்னிடம் ஓர் ஈ.பி. இருக்கிறது, பாட்டு சுமார்தான். அதன் உறையில் யாரோ பென்சிலால் ஒரு மாதப் பால் கணக்கு எழுதியிருக்கிறார்கள். தினமும் அரை லிட்டர். 14ஆம் தேதிக்கு நேரே 'ஊரில் இல்லை'. 15ஆம் தேதி ஒரு லிட்டர்.