நார்ஃபோக்கில் வேர் தேடுவது

என் வீட்டுக்காரர் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்துக்காரர். அவருடைய முன்னோரைத் தேடிப் பட்ட பாட்டில் கற்றது இது.

வீட்டுப் பெரியவர்களிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். ஒரு தலைமுறையையும் தாண்டிக் குதிக்காதீர்கள். 1837 ஜூலை முதல் பிறப்பு, திருமணம், இறப்புக்கு அரசுப் பதிவு உண்டு. அதன் அட்டவணையை ஃப்ரீபிஎம்டி என்ற இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

1841 குடிக்கணக்கில், அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வயதை அப்படியே நம்பாதீர்கள். பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். இது தெரியாமல் ஒரு மாதம் வேறு யாரையோ துரத்தினேன்! 1851 கணக்கில் பிறந்த ஊரே இருக்கும்.

அந்த ஊர்ப்பெயரோடு நார்ஃபோக்கின் நாரிச் நகரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். தேவாலயப் பதிவேடுகள் சில ஊர்களுக்கு 1538 முதலே உண்டு. பென்சில் எடுத்துப்போங்கள், பேனா கூடாது. பழைய கையெழுத்தில் சொல் நடுவே வரும் ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலவே நீண்டிருக்கும்.