சத்தமில்லாத மாடுலர் பவர் சப்ளை: வாங்கும்போது எங்கே தவறுகிறோம்

கம்ப்யூட்டர் பவர் சப்ளை வரும் பெட்டியின் மேல் 80 பிளஸ் கோல்டு என்று இருந்தால் சத்தம் வராது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அந்த முத்திரைக்கும் சத்தத்துக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லை. பிளக்கிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. 400 வாட் கொடுக்கும்போது 90% திறனுள்ள சப்ளை சுமார் 44 வாட்டை வெப்பமாக விடும், 85% திறனுள்ளது 70 வாட் வரை விடும். வெப்பம் குறைந்தால் ஃபேனுக்கு வேலை குறையும், அதுவரை சரி. ஆனால் அந்த ஃபேன் எந்த லோடில் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பது தயாரித்தவர் முடிவு செய்வது, அதனால்தான் ஒரே கோல்டு முத்திரையோடு ஒன்று மூச்சே விடாமல் இருக்கிறது, இன்னொன்று இரைகிறது. சத்தத்தை அளந்தே தரம் போடுகிற அமைப்பு சைபனெட்டிக்ஸ். அதன் லாம்டா தரத்தில் ஏ++ என்றால் சராசரியாக 15 டெசிபலுக்குக் கீழே, ஏ+ என்றால் 15 முதல் 20 வரை. வாங்குவதற்கு முன் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

மாடுலர் என்பதையும் சிலர் அமைதியோடு சேர்த்து யோசிக்கிறார்கள். தேவையில்லாத கேபிளைக் கழற்றி வைக்கலாம், கேபினெட்டுக்குள் நெரிசல் குறையும், அவ்வளவுதான். மதர்போர்டின் 24 பின் கேபிளும் பிராசசர் கேபிளும் எப்படியும் மாட்டியே ஆக வேண்டியவை, அதனால் அவை கழற்ற முடியாதபடி பொருத்தியே வரும் செமி மாடுலர் எடுத்தாலும் பெரிய இழப்பில்லை.

வாட் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. 200 வாட் கிராபிக்ஸ் கார்டு, 150 வாட் பிராசசர், மற்றதற்கு ஒரு 50 என்று கூட்டினால் 400 வருகிறது. இதற்கு 450 வாட் சப்ளை போட்டால் கேம் ஆடும்போதெல்லாம் ஃபேன் முழு வேகத்தில் அலறும். அதற்காக 1200 வாட்டுக்குப் போவதும் வீண்தான், ஏனென்றால் சும்மா இருக்கும்போது 60 வாட் இழுக்கிற கம்ப்யூட்டர் அதில் 5% லோடில்தான் ஓடும், கோல்டு தரத்துக்கான சோதனையோ 20% லோடிலிருந்துதான் தொடங்குகிறது, அதற்குக் கீழே முத்திரை எதையும் உறுதி சொல்வதில்லை. 750 வாட் போதும். கிராபிக்ஸ் கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் திடீரென்று அதிகமாக இழுக்கும் பழக்கம் உள்ளவை, 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற பவர் சப்ளை தரவரையறை அதற்கென்றே தனி விதி வைத்திருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் 3.0 அல்லது 3.1 என்று போட்டிருப்பதையே பாருங்கள்.

குறைந்த லோடில் ஃபேன் நின்றுவிடும் வசதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஒரே சீராக மெதுவாகச் சுற்றும் ஃபேனைக் காது சீக்கிரம் மறந்துவிடும், நின்று நின்று கிளம்புவதுதான் எரிச்சல். லோடு அந்த எல்லைக்கோட்டிலேயே மேலும் கீழுமாக ஊசலாடினால் இரவு முழுக்க இதே கூத்து. இந்த வசதியை அணைக்க ஒரு சுவிட்ச் இருக்கும் மாடலாகப் பார்ப்பது நல்லது. அப்புறம், ஃபேனைக் கீழ்ப்பக்கம் பார்த்து வைத்து அடியில் கார்ப்பெட் இருந்தால் எந்த சப்ளையும் இரையத்தான் செய்யும்.

இனி சொல்வது சத்தத்தைப் பற்றியது இல்லை, ஆனால் மாடுலர் வாங்குகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பழைய சப்ளையின் கேபிளைப் புதியதில் மாட்டாதீர்கள். ஹார்ட் டிஸ்க், மதர்போர்டு பக்கத்து முனைகள் எல்லாம் ஒரே தரத்தில் இருக்கும். சப்ளையில் செருகுகிற முனைக்கு அப்படிப் பொதுவான தரம் எதுவும் கிடையாது. ஒரே பிராண்டின் இரண்டு மாடல் வரிசைகளுக்குள்ளேயே முனையில் எந்த ஊசியில் எந்த வோல்ட் என்பது மாறலாம். செருகினால் அழகாக உட்காரும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டி டிரைவ் அந்த நொடியே செத்துவிடும். கேபிள்தான் ஏற்கெனவே நேர்த்தியாகக் கட்டி வைத்திருக்கிறதே, சப்ளையை மட்டும் மாற்றிவிடலாம் என்று தோன்றுகிற அந்தச் சோம்பல்தான் பலருடைய டிரைவைக் கொன்றிருக்கிறது. கேபிள் இல்லாமல் விற்கப்படும் செகண்ட் ஹேண்ட் மாடுலர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இதெல்லாம் இருக்கட்டும், சத்தம் உண்மையில் பவர் சப்ளையிலிருந்துதான் வருகிறதா? கீச்சென்ற மெல்லிய ஒலி என்றால் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டில் உள்ள கம்பிச் சுருளிலிருந்துதான். கேமில் நொடிக்குக் காட்டும் ஃபிரேம் எண்ணிக்கையை 60-க்குக் கட்டுப்படுத்திப் பாருங்கள், கீச்சொலி குறைந்தால் சந்தேகம் கார்டின் மேல்தான். இரைச்சல் என்றால் ஒரு தாளைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்து ஒவ்வொரு ஃபேனுக்கும் எதிரே பிடித்துக் கேளுங்கள். சப்ளையை மட்டும் திறந்து பார்க்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.