நடந்தால் கரண்ட்: 20 வோல்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சி என்றால் 'நடந்தால் மின்சாரம்' மேசை ஒன்றாவது இருக்கும். ஒரு பலகை, அடியில் வட்ட வட்டமாகப் பித்தளை பீசோ தகடுகள் (மேலே வெள்ளைப் பீங்கான் ஒட்டியவை, அழுத்தினால் மின்சாரம் தருபவை), ஓரத்தில் ஒரு எல்இடி. அண்ணன் மகளும் இதைத்தான் செய்தாள். மீட்டர் ஒரு கணம் 20 வோல்ட்டைத் தொட்டதும், "சித்தப்பா, போனுக்கே சார்ஜ் போடலாம்!" என்று குதித்தாள்.

முதல் சறுக்கல் அங்கேதான். வோல்ட் பொய்யில்லை, பின்னால் சரக்கு இல்லை. அந்தத் தகட்டின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் அளவு, சுமார் 20 நானோபாரட். 20 வோல்ட்டில் அது பிடித்து வைப்பது வெறும் 4 மைக்ரோஜூல். எல்இடி முழு வெளிச்சத்தில் எரிய அது நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் காணும். அடுப்பு பற்றவைக்கும் லைட்டரில் பல ஆயிரம் வோல்ட் வருகிறது. ஒரு பொறியோடு முடிந்துவிடுகிறதே!

அடுத்தது, 'நிறையச் சேமிக்கலாம்' என்று 1000 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் வைப்பது. ஒரு மிதிக்கு அதில் 0.4 மில்லிவோல்ட்தான் ஏறும். 2 வோல்ட் வர, இழப்பே இல்லையென்றாலும் 5000 மிதி. 10 மைக்ரோபாரட் போட்டால் 50 மிதி போதும். மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடிலும் இதே கதைதான். ஷாட்கி வகைதான் சிறந்தது என்பார்கள். அதில் பின்னோக்கிக் கசிவு அதிகம், சேர்ந்த சொற்பமும் ஒழுகிவிடும். சாதாரண 1N4148 டையோடு போதும்.

தகடுகளைத் தொடராக இணைக்காதீர்கள். கால் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் படாது. ஒன்று கொடுப்பதை இன்னொன்று தின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் நான்கு டையோடு கொண்ட தனி பிரிட்ஜ், அதன்பின் பக்க இணைப்பு.

தகட்டைப் பலகையில் தட்டையாக ஒட்டிவிடுவதுதான் என் கண்ணில் அதிகம் படும் தவறு. அது வளைய வேண்டும். விளிம்பு மட்டும் உட்காரும்படி அட்டையில் வளையம் வெட்டி வையுங்கள். மேலே நடுவில் பட்டாணி அளவு ரப்பர். துளி வளைந்தால் போதும், அதிகம் போனால் வெள்ளைப் பீங்கான் 'டிக்'கென்று விரிசல் விடும். எங்கள் வீட்டில் மூன்று போயின. ஈயம் வைக்கும்போதும் அந்த வெள்ளைப் பகுதியில் சூட்டுக்கோலை ஓரிரு நொடிக்கு மேல் வைக்கக் கூடாது. வெள்ளிப் பூச்சு கழன்றுவிடும், பீங்கானுக்கு மின்சாரம் தரும் தன்மையைக் கொடுக்கும் முனைவாக்கமும் கெடும்.

ஏறி நின்றால் கரண்ட் வந்துகொண்டே இருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. 1880இல் பியர் கியூரியும் அண்ணன் ழாக்கும் படிகங்களை அழுத்திக் கண்ட விளைவு இது. அழுத்தம் மாறும்போது மட்டுமே மின்னூட்டம் நகரும். சும்மா நின்றால் ஒன்றுமில்லை.

'இலவச மின்சாரம்' என்று சார்ட்டில் எழுதுவதையும் விட்டுவிடுங்கள். 60 கிலோ ஆள் மிதித்து பலகை 5 மில்லிமீட்டர் இறங்கினால் அதிகபட்சம் கிடைப்பதே 3 ஜூல், அதுவும் அவர் சாப்பிட்ட இட்லியிலிருந்து. 5000 எம்ஏஎச் போன் நிறைய சுமார் 70,000 ஜூல் வேண்டும். துளியும் வீணாகாவிட்டாலும் 23,000 அடிக்கு மேல். லண்டனின் பேவ்ஜென் நிறுவனம்கூட நடைத்தள ஓடுகளில் பீசோவை விட்டுக் காந்த ஜெனரேட்டரைத்தான் சுழற்றுகிறது.

கடைசியில் அவள் சார்ட்டில் அந்த 23,000 கணக்கையே பெரிதாக எழுதினாள். பார்க்க வந்த ஆசிரியர் காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறினார்.