கச்சானில் நட்ட கன்று

ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினம். ஆண்டுதோறும் அன்று மட்டக்களப்பிலும் மரம் நடுகிறோம். பதாகை கட்டுகிறோம், படம் எடுக்கிறோம், ஆவணி பிறக்கும்போது குழியில் காய்ந்த குச்சியைப் பார்க்கிறோம். பிறகு, "நாட்டு மரம்தானே, வறட்சியைத் தாங்கும் என்றார்களே" என்று மரத்தைக் குறை சொல்கிறோம்.

தவறு நாட்காட்டியில் இருக்கிறது. ஜூனில் கொழும்பில் மழை. அதே தென்மேற்குக் காற்று மலைநாட்டில் ஈரத்தைக் கொட்டிவிட்டு, நமக்கு வெறும் கச்சானாக வந்து சேர்கிறது. (வறுத்துத் தின்னும் கச்சானைச் சொல்லவில்லை, உதட்டை வெடிக்க வைக்கும் அந்தச் சுடுகாற்றைச் சொல்கிறேன்.) நம் ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரை கிடைக்கிறது. பாலை, வீரை போன்ற நம் காட்டு மரம் எதுவானாலும் முதல் மழையோடு மண்ணில் இறங்கினால்தான், அடுத்த கச்சானுக்குள் வேர் ஆழத்துக்குப் போகும். வளர்ந்த மரம் வறட்சியைத் தாங்கும் என்பது உண்மை. முழ உயரக் கன்று தாங்காது.

நானும் ஒரு ஜூனில் என் வளவில் பாலைக்கன்று நட்டவன்தான். செத்த கன்றைப் பிடுங்கியபோது இன்னொரு பிழையும் தெரிந்தது. பொலித்தீன் பையைக் கிழித்திருந்தேனே தவிர, அதன் அடிப்பகுதி வேரோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் ஆணிவேர் சுருட்டி வைத்த கயிறுபோல மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. உலர்வலய மரங்கள் முதலில் கீழேதான் வளரும். மேலே நாலு இலைதான் தெரியும். பையில் நெடுநாள் கிடந்த, உயரமான கன்றைத் தேடி வாங்குவது அதனால் ஏமாற்றுத்தான். சிறிய கன்றே நல்லது. பனைக்குப் பையே வேண்டாம்: முளை விதையிலிருந்து நேரே நிலத்துக்குள் இறங்கி அங்கேதான் கிழங்காகிறது. பனங்கொட்டையை நினைத்த இடத்திலேயே புதைத்துவிடுங்கள்.

விதையிலும் அவசரமும் பொறுமையும் இடம் மாறிவிடுகின்றன. வேம்பு, இலுப்பை விதைகளைப் போத்தலில் சேமித்து வைத்தால் சில வாரங்களில் முளைக்கும் சக்தி போய்விடும். பழம் விழுந்த கையோடு போட வேண்டும். கொன்றை விதை நேர்மாறு. கல்லில் உரசித் தோலைத் தேய்க்காவிட்டால் அது அசையாது.

தண்ணீர் ஊற்றுவோர் தினமும் ஒரு செம்பு தெளிக்கிறார்கள். வேரும் அந்த ஈரத்தை நம்பி மேலேயே படுத்துவிடும். வாரம் இருமுறை வாளி நிறைய ஊற்றி, அடியில் சருகு பரப்புங்கள். அந்தச் சருகைத்தான் கூட்டிக் குவித்து எரிக்கிறோம்.

எந்த மரம் எந்த மண்ணில் என்பதற்கு நம் ஊர்ப்பெயர்களே பாதி விடை சொல்லும். புன்னைக்குடா கடலோரம். புன்னையும் பூவரசும் உப்புக்காற்றுக்கு அஞ்சாதவை, எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) மணலுக்கு ஏற்றவை. மருதமரம் தண்ணீரின் பிள்ளை; வாவிக்கு மேற்கே படுவான்கரையில் குளத்தங்கரை, ஆற்றங்கரை பார்த்து நட வேண்டியதைக் கல்லடி மணலில் நட்டுவிட்டு வருந்திப் பயனில்லை.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது கடற்கரைத் துப்புரவு. பொலித்தீனோடு சேர்த்து மணலில் படரும் அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் வாரி எடுத்துவிடுகிறார்கள். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று ஒற்றுமை பற்றி மேடையில் முழங்குகிறோம்; அந்தக் கொடி உண்மையில் திரண்டு செய்யும் வேலை மணலைக் கட்டி வைப்பது. மேடு உயர்வது இவற்றால்தான். 2004 சுனாமிக்குப் பிறகு பல கரைகளில் சவுக்கு நட்டார்கள். அது விரைவில் வளரும், நிழல் தரும். ஆனால் அதன் ஊசிச்சருகு மெத்தைக்குக் கீழே அடம்பன் எழும்புவது கடினம்.

மருந்துக்காகத் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை: பெயரை நம்பாதீர்கள். நாம் பாலை என்பது பழம் தரும் காட்டு மரம். தமிழ்நாட்டுக் காணொளியில் தோல் நோய்க்கு எண்ணெய் காய்ச்சச் சொல்வது வெட்பாலை, ஏழிலைப்பாலை வேறொன்று. மூன்றிலும் பால் வடியும், நம் பாலைக்கு மற்ற இரண்டோடும் உறவு அவ்வளவுதான். வாவிக்கரைத் தில்லை மரத்திலும் பால் உண்டு. அது கண்ணில் பட்டால் பார்வையையே மறைத்துவிடும். விறகுக்கு வெட்டுவோர் கவனம்.

கடைசியாகப் பாலைப்பழம். பழம் கிளை நுனியில் காய்க்கும், ஏறிப் பறிப்பது சிரமம் என்று கிளையையே கோடரியால் தறிக்கிறார்கள். ஆமை வேகத்தில் வளரும் மரம் அது. அதே பழத்துக்காகக் காட்டில் கரடியும் காத்திருக்கிறது; பருவத்தில் காட்டுக்குள் தனியே போவது இன்னொரு தவறு. வாங்கும்போது, எப்படிப் பறித்தது என்று விற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உலுப்பி விழுத்தியது என்றால் தாராளமாக வாங்கலாம். தின்ற பிறகு உதடு பசைபோல ஒட்டிக்கொண்டால் தண்ணீரால் தேய்த்துப் பயனில்லை. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும்.