டிக்கோடு நிறுத்தாமல் யூனிட்டையும் பாருங்கள்

சிங்கப்பூரின் பொங்கோலில் புது வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) வீட்டுக்குச் சாவி வாங்கிய என் நாத்தனார், ஃபிரிட்ஜ் வாங்கப் போன கடையிலிருந்து போன் செய்தாள். "அண்ணி, இது நாலு டிக், அது மூணு டிக். நாலையே எடுத்துடவா?" டிக் என்பது மின்சாரச் சிக்கனத்துக்கு லேபிளில் போடும் குறி. அதே லேபிளில் வருடத்துக்கு எத்தனை கிலோவாட் மணி, அதாவது எத்தனை யூனிட், என்று போட்டிருக்கும், அதைப் படி என்றேன். நாலு டிக் பெட்டிதான் அதிகம் இழுத்தது.

எப்படி என்றால், ஃபிரிட்ஜுக்கு டிக் கொடுப்பது அதன் கொள்ளளவையும் கணக்கில் வைத்து. பெரிய பெட்டி, தன் அளவுக்குச் சிக்கனமாக இருந்தாலே நிறைய டிக் வாங்கிவிடும். ஆனால் கரண்ட் பில் வருவது மொத்த யூனிட்டுக்குத்தான். அதனால் முதலில் வீட்டுக்கு எத்தனை லிட்டர் போதும் என்று முடிவு செய்யுங்கள். நாலு பேர் உள்ள எங்கள் வீட்டில் ஒரு டப்பா இட்லி மாவு, இரண்டு நாள் காய்கறி, மீன், இவ்வளவுதான் எப்போதும் இருக்கும். அதற்கு இரண்டு கதவு அலமாரி மாதிரி ஒன்று எதற்கு? அளவை முடிவு செய்த பிறகு, அந்த அளவுக்குள் டிக் அதிகமானதைத் தேடுங்கள்.

கணக்கு சுலபம். ஒன்று வருடத்துக்கு 300 யூனிட், இன்னொன்று 420 என்று வைத்துக்கொள்வோம். யூனிட் 30 காசு என்றால் வித்தியாசம் வருடத்துக்கு 36 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பத்து வருடத்தில் 360. விலை வித்தியாசம் இதைவிடக் குறைவா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் என்பதால், உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள்.

பழைய ஃபிரிட்ஜின் லேபிளோடு ஒப்பிடாதீர்கள். இந்த டிக் லேபிள் திட்டம் 2008இல் தொடங்கியபோது அதிகபட்சம் நாலு டிக்தான். ஐந்து டிக் வந்தது 2014இல்.

ஏர்கானுக்கு மட்டும் நான் பிடிவாதமாக ஐந்து டிக்தான் சொல்வேன். ராத்திரி முழுக்க ஓடுகிற சாமான் அது. 25 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் போடுங்கள்.

அப்புறம், மின்சாரமும் தண்ணீரும் மிச்சப்படுத்தும் சாமான் வாங்க அரசாங்கம் தருகிற பருவநிலைப் பற்றுச்சீட்டு. வீவக குடும்பங்களுக்கு 2024இல் 300 வெள்ளி, 2025இல் கூடுதலாக 100 வெள்ளி தந்தார்கள். சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளம்) மூலம் எடுக்கலாம். எந்தச் சாமானுக்கு எத்தனை டிக் வேண்டும், அந்தக் கடை வாங்கிக்கொள்ளுமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.