பழைய பிக்கப் நடுங்குகிறதா? பாகம் வாங்கும் முன் கோளாறைக் கண்டுபிடியுங்கள்

மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய என் பெட்ரோல் பிக்கப் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) நடுங்கியது, மேட்டில் இழுக்கவில்லை. பிளக் மாற்றினேன், ஃபியூயல் பம்ப் மாற்றினேன். கோளாறு இருந்ததோ இன்ஜினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் விரல் நீள ரப்பர் குழாயில், அதாவது வேக்கம் ஹோஸில். மேலே பார்த்தால் நல்ல ரப்பர். மடக்கிப் பார்த்தபோதுதான் அடிப்பக்கம் வெடிப்பு வாயைத் திறந்தது. அதிலிருந்து ஒரே பழக்கம்: சோதிக்காமல் எதையும் வாங்குவதில்லை.

முதல் படி: ஆறிய இன்ஜின்

இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆரம்பியுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். பால் கலந்த காபி போல இருந்தால் ஆயிலில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். கூலன்ட் அளவையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

இரண்டாம் படி: புகை

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவரைச் சைலன்சர் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. குளிரில் வரும் வெள்ளை ஆவி இயல்பு. இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது.

மூன்றாம் படி: ஸ்கேனர்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு இணைக்க உள்ள ஓபிடி சாக்கெட்டில் சாதாரண ஸ்கேனரைச் செருகினாலே போதும். ஆனால் அது காட்டும் கோளாறு எண் (கோடு) எந்தப் பாகத்தை மாற்றுவது என்று சொல்லாது, எங்கே தேடுவது என்றுதான் சொல்லும். பி0171 வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். உடனே ஆக்சிஜன் சென்சார் வாங்கப் போகாதீர்கள். வெடித்த ஹோஸ் வழியாகவும் காற்று புகும், அதனால் முதலில் ஹோஸ்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள், 'உஸ்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக உள்ள வண்டி என்றால் காசே இல்லாமல் சோதிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு மூன்றாவது காயிலையும் ஒன்றாவது காயிலையும் இடம் மாற்றுங்கள். ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0301 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது, காயில்தான் போயிருக்கிறது. பி0303 மாறாமல் நின்றால் காயிலை விடுங்கள், அடுத்து பிளக்கை அதேபோல மாற்றிப் பாருங்கள். அப்புறம் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்.

செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் இந்தச் சோதனையையும் ஓட்டிச் செய்யாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும்.

நான்காம் படி: கம்ப்ரெஷன்

சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று அளப்பது இது. மேலே எதிலும் விடை கிடைக்காவிட்டால் மட்டும் செய்யுங்கள். மிதமான சூட்டில் எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, அழுத்தம் காட்டும் கேஜை ஒவ்வொரு பிளக் துளையிலும் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களில் 120 முதல் 180 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும். நான் எண்ணைவிட வித்தியாசத்தைத்தான் பார்ப்பேன். மற்றவை 150 காட்ட ஒன்று மட்டும் 90 என்றால் அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு). அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைவாக இருந்தால் அவற்றுக்கு இடையே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் கோளாறுகளுக்கு ஹெட்டைக் கழற்ற வேண்டும், மெக்கானிக்கிடம் விடுங்கள். போகும்போது ஸ்கேனர் காட்டிய கோளாறு எண்களையும் சிலிண்டர் வாரியான கம்ப்ரெஷன் அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.