லங்காவியிலிருந்து புக்கெட்டுக்குப் பாய்மரப் படகில்: திட்டமிடும்போது செய்யக் கூடாதவை

போன மாதம் தம்பிகள் இருவர் தங்கள் பயணத் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். வாடகைக்கு 40 அடிப் பாய்மரப் படகு. மலேசியாவின் லங்காவித் தீவில் உள்ள தெலாகா துறைமுகத்தில் புறப்பாடு. பிறகு தாய்லாந்தின் புக்கெட்வரை லீப்பே, ரொக், மூக், லந்தா, பீ பீ என்று தீவுகள் வரிசையாக இருந்தன. எந்தத் தீவில் எந்தக் கடையில் சாப்பாடு என்பதுவரை எழுதியிருந்தார்கள். ஓதத்தைப் பற்றி, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதைப் பற்றி, ஒரு வரி இல்லை. 12 வருடத்துக்கு முன்பு நான் எழுதிய திட்டமும் இப்படித்தான் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெயிலுக்குக் களிம்பு, குமட்டலுக்கு மாத்திரை எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாதத்தை ஊர்க் கணக்கில் பார்ப்பது

தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் இதில் தடுமாறுகிறார்கள். நவம்பர், டிசம்பர் என்றாலே புயல் என்று பழகியவர்கள், இங்கேயும் அப்படித்தான் என்று எண்ணி மே, ஜூன் விடுமுறையில் படகு கேட்கிறார்கள். இங்கே தலைகீழ். வாடைக்காற்றின் வேகத்தை மலாயாத் தீபகற்பமே வாங்கிக்கொள்கிறது. அதன் மேற்குப் பக்கத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அடங்கியிருக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் அந்தமான் கடலின் அலை தடையில்லாமல் தீவுகளின் மேற்குக் கரைகளில் வந்து அடிக்கும். தருதாவ் தேசியப் பூங்காவின் தீவுகளைப் பெரும்பாலும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவைக்கிறார்கள்.

அந்த மாதங்களில் ‘சுமத்ரா’வும் உண்டு. மலாக்கா நீரிணையில் இரவில் திரண்டு, விடியும் முன் வரிசை கட்டி வரும் புயல்மழைக்கு இங்கே அதுதான் பெயர். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும். எல்லோரும் தூங்கும் நேரத்தில், நங்கூரத்தில் நிற்கும் படகின்மேல் வரும்.

எல்லை

தாய்லாந்துக்குள் படகைக் கொண்டுபோகச் சம்மதமா, காப்பீடு அங்கே செல்லுமா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். பல வாடகைப் படகுகளுக்கு லங்காவியைச் சுற்றி மட்டும்தான் அனுமதி.

ஓதக் கணக்கை யாருடைய கடிகாரத்தில் போட்டீர்கள்?

இந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

இந்தக் கடலில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் இரண்டரை மீட்டர்வரை, சில இடங்களில் அதற்கு மேலும் ஏறி இறங்கும். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஆறு மணி நேரமும் கொஞ்சமும் ஆகும். அது சீராக இறங்குவதில்லை. மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. படகோட்டிகள் எல்லோரும் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு இது. எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் படகைத் தரை தட்ட வைத்தேன்.

மலேசிய நேரம் தாய்லாந்து நேரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடுகிறது. லங்காவியில் படகு எடுத்த நாங்கள் படகின் கடிகாரத்தை மாற்றவில்லை. கையில் இருந்ததோ தாய்லாந்தின் ஓத அட்டவணை. பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். அட்டவணைப்படி நண்பகல் 12 மணிக்கு ஏற்றம், மாலை 6 மணிக்கு மேல் வற்றம், இறக்கம் 2.4 மீட்டர். தீவின் ஓரத்தில் நங்கூரம் போட்டபோது கடிகாரம் 3 மணி காட்டியது, ஆழமானி 3.5 மீட்டர். ஏற்றம் முடிந்து மூன்று மணி ஆயிற்று, ஆறு பங்கு இறங்கியாயிற்று, இன்னும் 1.2 மீட்டர்தான் இறங்கும், கடைசியில் 2.3 மீட்டர் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கீல் நீருக்குள் 1.9 மீட்டர். போதும் என்று டிங்கி என்ற சின்னப் படகில் கரைக்குப் போய்விட்டோம்.

அட்டவணையின் நேரப்படி அப்போது மணி 2. இறங்கியிருந்தது மூன்று பங்குதான். இன்னும் 1.8 மீட்டர் இறங்க இருந்தது. ஒரு மணி நேரத் தவறு 60 சென்டிமீட்டரை விழுங்கிவிட்டது, எங்களுக்கு 20 சென்டிமீட்டர் குறைந்தது. தாய்லாந்து நேரம் 5 மணிக்குக் கீல் பவளத்தைத் தொட்டது. நாங்கள் கரையிலிருந்து ஓடிவருவதற்குள் படகு லேசாகச் சாய்ந்திருந்தது. சின்னச் சின்ன அலைதான், ஆனால் ஒவ்வொன்றும் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல், தண்ணீர் திரும்ப ஏறும்வரை, சுக்கான் இடிபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லை. சுக்கானின் அடிப்பகுதி பிளந்துவிட்டது, வைப்புத்தொகை முழுவதும் போயிற்று. அதைவிட எனக்கு வலித்தது, மறுநாள் காலை தண்ணீருக்குள் பார்த்த உடைந்த பவளம். அது வளர எத்தனை வருடம் ஆகியிருக்கும்!

இதைச் சொன்னால் இளைஞர்கள், “அண்ணே, இப்போ போனே நேரத்தை மாத்திக்கும்” என்கிறார்கள். எல்லைக்கு அருகே கைப்பேசி ஒரு சமயம் லங்காவிக் கோபுரத்தைப் பிடிக்கும், ஒரு சமயம் தாய்லாந்துக் கோபுரத்தைப் பிடிக்கும். மணி முன்னும் பின்னும் தாவும். அதனால் கைப்பேசியை நம்பி ஓதம் பார்க்காதீர்கள். புறப்படும் முன்பே ஒவ்வொரு இரவுத் தங்கலுக்கும் ஏற்றம், வற்றம் இரண்டையும் தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே எந்த நாட்டு நேரம் என்றும் எழுதுங்கள். எல்லையைத் தாண்டும் நாளில் படகிலுள்ள எல்லாக் கடிகாரங்களையும் சேர்த்து மாற்றுங்கள்.

இன்னொன்று. ஆழமானி எங்கிருந்து அளக்கிறது என்று படகை ஒப்படைக்கும் ஆளிடம் கேளுங்கள். சில படகுகளில் அது நீர்மட்டத்திலிருந்து காட்டும், சிலவற்றில் கீலின் அடியிலிருந்து. இரண்டுக்கும் நடுவில் கீலின் ஆழம் முழுவதும் இருக்கிறது. மூக் தீவின் மரகதக் குகைக்குள் ஏறத்தாழ 80 மீட்டர் இருட்டில் நீந்திப் போக ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே ஓத அட்டவணைதான் வழி காட்ட வேண்டும்.

பவளத்தின்மேல் நங்கூரம்

போடாதீர்கள். மிதவை இருந்தால் அதில் கட்டுங்கள், இல்லாவிட்டால் மணல் தேடுங்கள். மணலையும் பவளத்தையும் பிரித்துப் பார்க்க வெயில் தலைக்கு மேலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்க வேண்டும். மாலை 4 மணிக்கு மேல் மேற்கு நோக்கி நுழைந்தால் தண்ணீர் முழுவதும் தகரம்போல் மின்னும், ஒன்றும் தெரியாது.

இரவு ஓட்டம்

வேண்டாம். வலை மிதவைகளுக்கு விளக்கு கிடையாது.

தீவுகளை எண்ணுவது

மணிக்கு 5 கடல் மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். தெலாகாவிலிருந்து லீப்பே ஏறக்குறைய 25 கடல் மைல், சுகமான ஒரு நாள். லீப்பேயிலிருந்து ரொக் ஏறக்குறைய 45. விடிந்ததும் நங்கூரம் எடுத்தாலும் போய்ச் சேர மாலை மூன்றரை ஆகிவிடும். வாடைக்காற்று காலையில் நன்றாக அடித்துவிட்டு நண்பகலில் செத்துப்போகும் நாட்களும் உண்டு, அப்போது டீசலைத்தான் நம்ப வேண்டும். ரொக் போகும் அந்த நாளில் வழியில் இன்னொரு தீவைச் செருகியிருந்தார்கள் தம்பிகள். அதைத் திட்டத்திலிருந்து அடிக்கச் சொன்னேன். முகம் வாடினாலும் அடித்தார்கள்.

வினிகர்

இரண்டு போத்தல். பெட்டிச் சொறி என்ற ஜெல்லிமீன் கொட்டினால் முதலில் அதை ஊற்ற வேண்டும்.

கடைசி நாள்

விமானம் ஏறும் நாளன்று காலையில் புக்கெட் சேரலாம் என்று திட்டமிடாதீர்கள். குடிநுழைவு, சுங்கம், துறைமுக அலுவலகம் எல்லாம் புக்கெட்டின் சலோங்கில் ஒரே இடத்தில் முடியும், ஆனாலும் அரை நாளை அதற்கென ஒதுக்குங்கள். சலோங் விரிகுடாவும் கரைப்பக்கம் ஆழம் குறைந்தது. அட்டவணையைத் தாய்லாந்து நேரத்தில் பார்த்துவிட்டு நுழையுங்கள்.